கயிற்றின் மறுமுனையில் யார்?

தமிழில் மலையேறுவது அவ்வளவு நல்ல சகுனம் இல்லை. விளக்கு அணைந்தால் 'மலையேறிவிட்டது' என்கிறோம். அருள் வந்தவர் தெளிந்தால் 'சாமி மலையேறியாச்சு'. போய்த் தொலைந்த காலமெல்லாம் மலையேறிய காலம். ஆக, தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் ஒரு பேத்தி ஞாயிற்றுக்கிழமை பாறை ஏறப் போவதாகச் சொல்லும்போது ஆயாவின் முகம் ஏன் சுருங்குகிறது என்பதற்குப் பாதி விடை மொழியிலேயே கிடக்கிறது. மீதிப் பாதியைச் சட்டப் புத்தகத்திலும் நாட்காட்டியிலும் காரின் பின்பெட்டியிலும் தேடவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு மலை என்றால் அதன் உச்சியில் ஒருவர் குடியிருக்க வேண்டும். பழனியில் படியேறுகிறோம், வெள்ளியங்கிரியில் ஏழு மலை தாண்டுகிறோம், எல்லாம் வேண்டுதல். மேலே யாரும் இல்லாத பாறையில் ஏறி, தொட்டுவிட்டு இறங்கிவருவதற்கு நம்மிடம் காரணச் சொல் கிடையாது. "எதுக்குடி ஏறணும்?" என்று ஆயா கேட்பது தடை போட அல்ல, உண்மையிலேயே கேட்கிறார்.

"நம்ம ஆட்களுக்கு உயரம்னா பயம்" என்று ஒரு விளக்கம் டர்பனில் அடிக்கடி காதில் விழும். இது சரியில்லை. தைப்பூசத்தில் முதுகுத் தோலில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிறவர்களும், தீமிதியில் பூக்குழி இறங்குகிறவர்களும் அதே வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். பயம் எல்லா இனத்தாருக்கும் ஒரே அளவுதான். பாறை ஏறுவதில் தைரியத்தைவிட முன்னால் வேண்டியது வேறு ஒன்று: கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள். ஓடுவதற்குச் செருப்பு போதும். கால்பந்துக்கு ஒரு மைதானம் போதும். பாறைக்கு, ஏற்கெனவே தெரிந்த ஒருவர் கூட வந்து, முடிச்சைக் காட்டிக்கொடுத்து, தன் கயிற்றை இரவல் தந்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மாமாவாக, அண்ணனாக, அப்பாவின் நண்பராக இருப்பார். அப்படி ஒருவர் நம் தெருக்களில் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

தென்னாப்பிரிக்க மலையேறும் கழகம் கேப்டவுனில் 1891-இல் தொடங்கப்பட்டது. அதே 1891-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு, இந்தியர் அங்கே கடை வைக்கவோ பயிர் செய்யவோ கூடாது என்று சட்டம் போட்டு, இருந்தவர்களையும் வெளியேற்றியது. அந்தத் தடையின் வால் 1980-களின் நடுப்பகுதி வரை நீண்டு கிடந்தது. அதுவரை இந்தியர், பிறகு ஃப்ரீ ஸ்டேட் மாகாணமான அந்தப் பகுதியைக் கடந்து போகலாம், தங்கிக் குடியிருக்க முடியாது. இதற்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், வரைபடத்தை எடுத்து துகேலா அருவியைப் பாருங்கள். 948 மீட்டர். அருவி விழுவது டர்பன் இருக்கும் க்வாசூலு-நாட்டல் மாகாணப் பக்கம். அதன் தலைக்குப் போகும் சங்கிலி ஏணிப் பாதை தொடங்குவதோ ஃப்ரீ ஸ்டேட் பக்கம், சென்டினல் கார் நிறுத்தத்தில். டர்பனிலிருந்து ஹாரிஸ்மித் வழியாகச் சுற்றிப் போகவேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்துவிடும் என்பதால் விடிகாலையில் நடை தொடங்க வேண்டும். விடிகாலையில் தொடங்க முந்தின இரவு அந்தப் பக்கம் தங்கியாக வேண்டும். நம் தாத்தாக்களால் எது முடியாது என்று சட்டம் சொன்னதோ, மலை கேட்பது சரியாக அதைத்தான்.

நாட்டல் பக்கமும் கதவு திறந்தில்லை. இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் இந்தியக் குடும்பங்களை சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் நகர்த்தியது. 1953-இன் தனி வசதிகள் சட்டம் கடற்கரை முதல் பூங்கா வரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது. அது நீக்கப்பட்டது 1990-இல்தான். 1990-இல் இருபது வயதாக இருந்தவர் இன்று ஐம்பதின் நடுவைத் தாண்டியிருப்பார். பதினாறு வயதுப் பையனுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்க வேண்டிய மாமா அவர்தான். அவருக்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேப்டவுனில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே வெள்ளையர் கழகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் 1931-லேயே கேப் மாகாண மலையேறும் கழகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். அதனால் மேசை மலையின் மணற்கல் சுவர்களில் அப்பாவிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து தங்கைக்கும் கயிறு கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரு கழகம் என்பது அட்டையும் சந்தாவும் அல்ல, இந்தக் கைமாற்றுதான்.

2003-இல் சிபுசிசோ விலானே எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் ஆனார். 2019-இல் சராய் குமாலோ அப்படித் தொட்ட முதல் கறுப்பு ஆப்பிரிக்கப் பெண். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதல்முறை சேர்ந்தபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து எரின் ஸ்டெர்க்கன்பர்க், கிறிஸ்டோபர் காசர் இருவர் போனார்கள். தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் உள்ளரங்குச் சுவர்களுக்கு வருகிறார்கள், ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஏறுகிறார்கள், சிரிக்கிறார்கள். மூன்றாம் தடவை வருகிறவர்கள்தான் குறைவு. முதல் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் நடுவே நடப்பதைப் பற்றித்தான் இனி.

முதலில் நாட்காட்டி. ஈஸ்டர் நீண்ட விடுமுறை பாறைக்காரர்களின் பெரிய வெளியூர்ப் பயணம். நான்கு நாள் மலையில் கூடாரம். அதே பெரிய வெள்ளிக்கிழமையில்தான் டர்பனை ஒட்டிய இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மனுக்குத் திருவிழா. கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு விடுப்பு கிடைத்த நாளில் அம்மனுக்குக் கும்பிடு போட ஆரம்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், "ஈஸ்டருக்கு வா, அங்கேதான் எல்லாரும் பழகுவோம்" என்று சொன்னால், மறுப்பு சோம்பலால் வருவதில்லை. அதோடு கல்யாணங்கள், நிச்சயதார்த்தம், வீட்டுப் பூசை, தமிழ் வகுப்பு. சனி ஞாயிறு நமக்கு ஓய்வு நாள் அல்ல, உறவு நாள். வரமாட்டேன் என்று ஒருமுறை சொன்னால் அம்மாதான் நான்கு பேருக்குப் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் இதே நாட்காட்டியில் ஒரு வழியும் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரையான அந்த மாதம் க்வாசூலு-நாட்டலில் உலர்ந்த குளிர்காலம்: பாறை காய்ந்திருக்கும், இடி இல்லை, கை வியர்க்காது. கூழ் ஊற்றும் நாளை மட்டும் விட்டுவிட்டால் வார இறுதிகள் மற்ற மாதங்களைவிடக் காலி. ஆகஸ்ட் 9 பெண்கள் தினம் பொது விடுமுறையும் அதற்குள் விழுகிறது. புதிய ஆட்களைச் சேர்க்க நினைக்கும் குழு ஈஸ்டரை விட்டுவிட்டு ஆடியில் தொடங்கலாம். அதுவும் முழுநாள் வேண்டாம். காலை 6 மணிக்குக் கிளம்பி 12-க்குள் வீடு திரும்பும் அரை நாள் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வந்துவிட்டால் வீட்டில் கேள்வி பாதியாகக் குறையும்.

எங்கே போவது என்றால், துகேலா அருவி விழும் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் தொடங்க வேண்டாம். பெயர் பெரியது, ஆனால் மேல்பகுதி பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. கையில் பிடித்தது கையோடு வரும். கீழே உள்ள மணற்கல் குகைகளில் ஆதிக்குடிகளான சான் மக்களின் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின் அருகே ஏறுவதோ, பிடி வழுக்காமல் பூசிய வெள்ளைப்பொடிக் கையை வைப்பதோ கூடாது; ஓவியத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படியே குற்றம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, இஞ்சாங்கா அருகில் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் மான்ட்டசீல் மணற்கல் சுவர் தலைமுறை தலைமுறையாகப் பாறைக்காரர்கள் கற்றுக்கொண்ட இடம். உயரம் அதிகமில்லை, ஒரே கயிறு வீச்சில் முடியும். அங்கே பெரும்பாலும் பாறையில் ஆணி அடித்திருக்காது, ஏறுபவரே விரிசலில் உலோகக் கட்டைகளைச் செருகிக்கொண்டு போகும் மரபு. ஆகவே புதியவர்களுக்கு மேலே நடந்து போய் மரத்திலோ பெரும்பாறையிலோ நங்கூரம் கட்டி, கயிற்றை மேலிருந்து தொங்கவிடும் டாப் ரோப் முறைதான். தென்னாப்பிரிக்காவில் தரம் எண்ணில் சொல்வார்கள்: 10, 12 என்றால் கைப்பிடி தாராளம், 18-க்கு மேல் விரல் நுனி வேலை. சிற்றப்பா மகனை முதல் நாளே 18-இல் ஏற்றிவிட்டு அழகு பார்ப்பவர்கள், அவனைத் திரும்ப வரவிடாமல் செய்பவர்கள்.

பொது வண்டி அங்கே போகாது. மினிபஸ் டாக்சி நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால் மீதித் தூரம் மூட்டையோடு நடக்க வேண்டும். கார் உள்ளவர் யார் என்பது பாறையில் யார் ஏறுவார் என்பதைப் பாதி தீர்மானிக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணின் விஷயத்தில் அந்தக் காரில் யார் யார் வருகிறார்கள் என்பதும் சேரும். அவளோடு அவள் அத்தை மகளையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். தனி ஆளாக ஒருத்தியைக் கூப்பிடும் குழு ஒரு மாதத்தில் அவளை இழக்கும். இருவராகக் கூப்பிட்டால் ஒருத்தி ஏற, மற்றவள் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ள, ஜோடி அங்கேயே உருவாகிவிடுகிறது.

இனி உடையும் நகையும். இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே நிறையப் பேரை நழுவவிட்டிருக்கிறோம்.

மோதிரம்: விதிவிலக்கு இல்லாமல் கழற்ற வேண்டும். விரிசலில் விரல் சிக்கி உடல் எடை இறங்கினால் மோதிரம் அப்படியே நிற்கும், தோலும் சதையும் அதோடு உரிந்துவரும். மேலே டேப் சுற்றுவது உதவாது. கழற்ற வராத மோதிரம் என்றால் அன்றைக்குக் கயிறு மட்டும்கூடப் பிடிக்க வேண்டாம். நகைக்கடையில் வெட்டிவிட்டு வரட்டும். வளையலும் அப்படியே. மெட்டி, இறுக்கமான பாறைக் காலணிக்குள் விரலுக்கும் ரப்பருக்கும் நடுவே நசுங்கி ஐந்தே நிமிடத்தில் கண்ணீர் வரவைக்கும். கழற்ற மனமில்லாதவர் ஒரு அளவு பெரிய காலணி எடுத்து, எளிய வழிகளில் ஏறலாம்.

தாலி வேறு விஷயம். "அதைக் கழற்றிட்டு வாங்க" என்று ஒரு இளம் பயிற்றுநர் சாதாரணமாகச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே பின்வாங்கிப் போவார், அடுத்த வாரம் வரமாட்டார். கழற்றத் தேவையும் இல்லை. ஆபத்து என்னவென்றால் தொங்கும் சங்கிலி காராபினரிலோ (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி வளையம்) பாறை முனையிலோ மாட்டுவது. தங்கச் சங்கிலியோ மஞ்சள் கயிறோ, இரண்டும் எளிதில் அறுந்துவிடாது, கழுத்துதான் வெட்டுப்படும். உள்ளே இறுக்கமான விளையாட்டு உள்ளாடைக்குள் திணித்து, தொங்கும் பகுதியைத் தோலோடு மருத்துவ டேப்பால் ஒட்டிவிட்டால் போதும். காப்புக் கயிறு கட்டிய மணிக்கட்டில் இரண்டு சுற்று டேப். குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் இருந்தால் அது ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக் கயிறு கட்டும் வார்க் கச்சை) இடுப்புப் பட்டைக்கு அடியில் வராமல் மேலே ஏற்றிவிடுங்கள். பட்டையில் தொங்கும்போது அது எலும்பில் அழுந்தும்.

தலைமுடி. பின்னல் முன்பக்கம் விழுந்தால் கயிறு பிடிக்கும் கருவி கயிற்றோடு சேர்த்து அதையும் உள்ளே இழுக்கும். ஏறுகிறவரைவிட, இறங்கும்போது பிலே செய்கிறவருக்கும் (கீழே நின்று கயிறு பிடிக்கிறவர்) கயிற்றில் தானே இறங்குகிறவருக்கும்தான் இது அதிகம் நடக்கிறது. சிக்கிக்கொண்டால் கத்தியை எடுக்காதீர்கள். எடை தாங்கி விறைத்து நிற்கும் கயிற்றைக் கத்தி முனை தொட்டாலே போதும், வெண்ணெய்போல் வெட்டுப்படும். மேலே இருப்பவரைப் பாறையைப் பிடித்து நிற்கச் சொல்லி, கயிற்றைத் தளர்த்தி, பிறகு முடியை உருவ வேண்டும். கொண்டையாக முடிந்து ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தை ஒட்டி வைத்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம். பூ வைத்துக்கொண்டு வருவதில் தவறில்லை, ஊசியை மட்டும் எடுத்துவிடலாம்.

உடம்பை மறைக்கும் உடை வேண்டும் என்பவர்கள் வழக்கமாக முழங்கால் வரை வரும் டாப்ஸ் போட்டு அதை ஹார்னஸுக்கு மேலே இறக்கிவிடுவார்கள். பார்க்க அடக்கமாக இருக்கும். ஆனால் பக்கிளும் முடிச்சும் துணிக்குள் ஒளிந்துவிடும், ஜோடிக்காரர் பார்த்துச் சரிசொல்ல முடியாது. மறைப்பு கீழே இருக்கட்டும்: தொளதொள கால்சட்டை. மேல்சட்டை இடுப்புப் பட்டைக்கு அடியில் போகவேண்டும்.

பெண்களின் ஹார்னஸை ஆண் பயிற்றுநர் தொட்டு இழுத்துப் பார்ப்பது இன்னொரு நெருடல். தொடாமலே சோதிக்கலாம். பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்கிறதா? அவரே இரண்டு கையாலும் கீழே இழுக்கட்டும், இறங்கக் கூடாது. பக்கிளைத் தாண்டி வார் நுனி ஒரு சாணில் மூன்றில் ஒரு பங்காவது, 8 சென்டிமீட்டர் அளவு, மிச்சம் நிற்கிறதா? கயிறு இடுப்பு வளையம், கால் வளையம் இரண்டின் வழியாகவும் போயிருக்கிறதா? எட்டு வடிவ முடிச்சில் ஐந்து இடத்தில் கயிறு இரட்டை இரட்டையாக ஒன்றை ஒன்று தாண்டாமல் ஓடுகிறதா? வால் ஒரு கைப்பிடி அளவுக்குக் குறையாமல், 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 10 சென்டிமீட்டர், இருக்கிறதா? எல்லாம் கண்ணுக்கு வேலை, விரல் நீட்டிக் காட்டினால் போதும்.

இந்தச் சோதனையில்தான் நம் மரியாதை குறுக்கே வந்து நிற்கும். டர்பனில் அப்பாவின் வயதுள்ள எவரும் அங்கிள், அம்மாவின் வயதுள்ளவர் ஆன்ட்டி. பதினெட்டு வயதுப் பையன் கயிறு பிடிக்கிறான். அங்கிள் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டே பாறையைத் தொடுகிறார். பையன் கண்ணில் பட்டுவிட்டது. "அங்கிள், உங்க முடிச்சு சரியில்ல" என்று சொல்ல அவன் வாய் வராது. இருபது வருட வளர்ப்பு அவன் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாதி முடிச்சில் ஏறி, உச்சியில் பின்னால் சாயும்போது கழன்று விழுவது உலகம் முழுக்க அனுபவசாலிகளுக்கே நடந்த விபத்து. புதியவனை எப்போதும் யாராவது சோதிப்பார்கள், தெரிந்தவரை யாரும் சோதிப்பதில்லை. "தைரியமா சொல்லு தம்பி" என்று அறிவுரை சொன்னால் இது மாறாது. பொறுப்பைப் பெரியவர் தலையில் வைக்க வேண்டும்: ஏறுகிறவர் பாறையைத் தொடுமுன் தானே நின்று, முடிச்சைத் தூக்கிக் காட்டி, "பாத்துட்டியா?" என்று கேட்கவேண்டும். கேட்கப்பட்டவனுக்குப் பதில் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. நான்கு ஞாயிறு இப்படிச் செய்தால் ஐந்தாவது ஞாயிறு அங்கிள் மறந்தாலும் பையன் கை நீட்டுவான்.

வாய்ச்சொல்லும் இதே ரகம். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற குடும்பத்திலும் பயம் வந்தால் தமிழ் வெளியே வந்துவிடும். மேலே இருப்பவர் "விடு! விடு!" என்று கத்துகிறார். கயிற்றைத் தளர்த்து என்கிறாரா, கீழே இறக்கு என்கிறாரா, கையை எடு என்கிறாரா? 'பிடி' என்பதும் அப்படித்தான். பாறையைப் பிடி என்று கீழிருப்பவர் சொன்னதை மேலிருப்பவர் 'பிடித்துவிட்டேன், சாயலாம்' என்று கேட்டுவிடுவார். காற்று அடிக்கும் விளிம்பில் கடைசி அசை மட்டும்தான் காதில் விழும் என்பதால், நீளமும் ஓசையும் வேறு வேறான சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 'இறுக்கு', 'தளர்வு', 'இறக்கம்' என்று மூன்று தமிழ்ச் சொல்லோ, மற்ற குழுக்களோடு ஏறுவதாக இருந்தால் எல்லாரும் சொல்லும் 'டேக்', 'ஸ்லாக்', 'லோவர்' மூன்றுமோ, கலக்கக் கூடாது. எந்தச் சொல்லானாலும் முன்னால் பெயர். பக்கத்துக் கயிற்றில் ஒருவர் 'டேக்' என்றதற்கு நீங்கள் இழுத்துவிடக் கூடாது. கட்டளைக்குப் பதில் வராமல் யாரும் சாயக் கூடாது. பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்பவர்கள் "பெரியப்பா, இறுக்கு!" என்றே கத்தலாம், பாறைக்கு ஒன்றும் கோபம் வராது. ஒரே கூட்டத்தில் மூன்று பெரியப்பா இருந்தால்தான் சிக்கல்.

எடை. குடும்பமாக வருவதன் விளைவு இது: 95 கிலோ அப்பா ஏற, 52 கிலோ மகள் கயிறு பிடிக்கிறாள். டாப் ரோப்பில் மேலே காராபினரில் உராய்வு கொஞ்சம் எடையைத் தின்றுவிடும். ஆனாலும் அவர் சட்டென்று உட்கார்ந்தால் அவள் தரையைவிட்டுக் கிளம்புவாள். பயந்து கை எடுத்துவிட்டால் முடிந்தது. அவளை நங்கூரத்துக்கு நேர்கோட்டில் நிறுத்தி, ஹார்னஸின் பிலே வளையத்திலிருந்து ஸ்லிங் என்னும் பட்டை வளையம் ஒன்றை ஆடாத பாறையிலோ மரத்து அடியிலோ தளர்வில்லாமல் கட்டுங்கள். ஸ்லிங்கில் ஒரு அடி தளர்வு விட்டால் அந்த ஒரு அடியும் அவள் தூக்கியெறியப்பட்டு நிற்பாள். கயிறு தானாகப் பூட்டிக்கொள்ள உதவும் கிரிக்ரி மாதிரிக் கருவி நல்லது; அதற்காகக் கீழ்க்கை கயிற்றைவிட்டு வரலாம் என்று நினைக்கக் கூடாது. முன்னேறிக் கயிறு மாட்டிக்கொண்டு போகும் லீட் ஏற்றத்தில் இந்த ஜோடியை நிறுத்தவே வேண்டாம். தலைகீழ் நிலைமையும் உண்டு: அப்பா பிடிக்க எட்டு வயது மகன் ஏறுகிறான். அந்த வயதில் இடுப்பு எலும்பு பட்டையைத் தாங்கும் அளவுக்கு விரிந்திருக்காது, தலைகீழாகத் திரும்பினால் நழுவிவிடும். குழந்தைக்குத் தோளும் சேர்ந்த முழு உடல் ஹார்னஸ்.

எல்லாரையும் கலங்கடிப்பது ஏறுவதில்லை, உச்சியில் பாறையை விட்டுவிட்டுப் பின்னால் சாயும் அந்த ஒரு கணம். ஏறும்போது கை தன்னுடையது. சாயும்போது உயிர் இன்னொருவர் கையில். இதை 15 மீட்டரில் கற்றுக்கொடுக்காதீர்கள். 2 மீட்டர் ஏறு, உட்கார், இறங்கு. பிறகு 4 மீட்டர். மூன்றாம் தடவை கால் தானாகப் பாறையில் சதுரமாக ஊன்றும். பார்க்க வந்த அம்மாவையும் அந்த 2 மீட்டரில் கயிறு பிடிக்க வைத்து, பின்னால் ஒரு அனுபவசாலி கயிற்று வாலைப் பிடித்துக்கொள்ளட்டும். தன் பிள்ளையின் எடையைக் கையில் ஒருமுறை தாங்கிய தாய், அடுத்த ஞாயிறு போக வேண்டாம் என்று சொல்வது அபூர்வம்.

விரதம் பற்றிக் கேட்பார்கள். புரட்டாசி முழுக்கச் சைவம் என்பதால் பாறைக்கு ஒன்றும் ஆகாது, டாலும் பீன்ஸ் கறியும் போதும். தண்ணீர் இல்லாத உபவாசம்தான் பிரச்சினை. அதிலும் ஏறுகிறவரைவிடக் கயிறு பிடிக்கிறவர் பட்டினியாக இருப்பது மோசம், கவனம் முதலில் போவது அவருக்கு. சனிக்கிழமை விரதக்காரர் அன்று படம் எடுக்கட்டும். காவடிக்குப் பிறகு கொக்கி குத்திய முதுகில் மூட்டை வார் உரசும். பூக்குழிக் காலில் சின்னக் கொப்புளம் இருந்தாலும் இரவல் காலணிக்குள் விடக் கூடாது. தோல் முழுக்க மூடும் வரை பொறுங்கள். மாட்டுத்தோல் காலணி வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கை மைக்ரோஃபைபரில் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம். ஏறி முடித்து நெருப்பு மூட்டிச் சுடும்போது ஒரே கம்பிவலையில் மாட்டிறைச்சியும் மக்காச்சோளமும் வெந்தால், சோளம் யாருக்கும் இல்லாமல் போகும். இரண்டாவது கம்பிவலை ஒன்றும் பெரிய செலவில்லை. உணவைத் திறந்து வைக்காதீர்கள், பபூன் குரங்குகள் சைவமும் பார்க்காது அசைவமும் பார்க்காது.

சாமான்கள். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு தொகுப்பு வாங்குவது நமக்கு இயல்பு. சீட்டுப் பிடித்துப் பழகிய கைகள்தானே. 10 மில்லிமீட்டர் தடிமனில், எடை விழுந்தால் நீண்டு கொடுக்கும் 60 மீட்டர் கயிறு ஒன்று (அதில் டாப் ரோப் போடக்கூடிய உயரம் 30 மீட்டருக்குள்), நங்கூரத்துக்கு நீளாத கயிறு 20 மீட்டர், 120 சென்டிமீட்டர் ஸ்லிங் நான்கு, பூட்டும் காராபினர் ஆறு, பிலே கருவி இரண்டு, ஹார்னஸ் நான்கு, ஹெல்மெட் தலைக்கு ஒன்று. நங்கூரம் எப்போதும் இரண்டு தனித்தனி இடங்களில்; ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். காராபினரும் ஹெல்மெட்டும் புதிதாகவே வாங்குங்கள். கயிற்றையும் ஹார்னஸையும் வரலாறு தெரியாத ஆளிடம் இரண்டாம் கையாக வாங்கவே வேண்டாம். கார் பேட்டரியின் அமில ஆவி பட்ட நைலான் பார்க்கப் புதிதாகவே இருக்கும். எடை வந்தால் நூலாகப் பிரியும். பக்கி என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டியும் பேட்டரியும் நீச்சல் குள அமிலமும் கிடக்கும் கராஜில் கயிற்றைத் தொங்கவிடாதீர்கள். துவைத்தால் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், நிழலில் உலர்த்தல். ப்ளீச் படவே கூடாது. தொடாமல் வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் கயிறு வேண்டாம்.

சரஸ்வதி பூசையன்று வீட்டில் இதையும் சாமி முன்னால் வைப்பார்கள், வைக்கட்டும். கற்பூரத் தட்டு கயிற்றுக்கு மேலே சுற்ற வேண்டாம், ஒரு பொறி விழுந்தால் உறை உருகிக் கட்டியாகும், அந்த இடத்தில் கயிறு முடிந்துபோன மாதிரிதான். சந்தனம் குங்குமத்தைப் பையின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். கயிற்றின் நடுவைக் குறிக்கவே கண்ட கண்ட பேனா மை கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், குங்குமச் சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. எலுமிச்சம்பழத்தை வாசலில் நசுக்கிவிட்டு அதே கையால் ஹார்னஸை எடுக்காதீர்கள், கை கழுவிவிட்டு எடுங்கள்.